பதினோரு விநாடி

அந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. துவைக்கும் இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் நீளமான பெயர் எதுவும் எதிர்ச்சுவர்வரை போய்ச் சேராது. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உருண்டு திரண்ட உடம்போடு வந்து நின்றபோது, துவைக்கிற பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் "வாம்மா பூசணி" என்றார். அன்றைக்கு வைத்த பெயர்தான். வைத்தவர் ஓய்வு பெற்றுப் போனார், பெயர் போகவில்லை. கோபித்துக்கொண்டால் பட்டப்பெயர் இன்னும் இறுகும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டவள் என்பதால் அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நாள் வந்தால் மற்ற பெண்கள் ஓடுவார்கள். இவளைப் பார்த்து டீச்சர், "நீ இங்கயே உக்காந்து செருப்பெல்லாம் பாத்துக்க" என்பார். ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டாள். ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை.

சலவைக்கூடத்தில் அவளுக்கு ரோலரில் வேலை. படுக்கை விரிப்பை ஈரம் காயாமல் உள்ளே விட்டால் கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே புகுந்து, இஸ்திரி போட்ட பலகை போல அந்தப் பக்கம் வெளியே வரும். உள்ளே விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, ஒரே நேரத்தில் ஒரு உதறு உதறி, ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துப்போகிற பட்டையில் வைக்க வேண்டும். ஒருத்தி அரை விநாடி பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய்ச் சுருக்கம் விழும். பதினோரு வருஷமாக அவளுக்கு எதிர்மூலையைப் பிடித்தவள் ரயிலக்கா.

ரயிலக்கா நாலு வயது மூத்தவள். ஒல்லி. தினமும் வேலைக்கு ஓடியே வருவாள், பஸ்ஸில் ஏறமாட்டாள். அவள் வாசலைத் தாண்டுகிறபோது காவலாளி கடிகாரத்தைச் சரிபார்ப்பான் என்று சொல்வார்கள். அவளுடைய புருஷன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்துக்கு அப்பாவாகிவிட்டான். அவள் தம்பி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். அது ஓடும்போதெல்லாம் அறையே நடுங்கும். அந்தச் சுவரில் ஒரே ஒரு ஆணி, அதில் கண்ணாடி போட்ட ஒரே ஒரு சான்றிதழ். பத்து கிலோமீட்டர் ஓட்டம், ஐம்பத்தேழு நிமிடம் ஐம்பது விநாடி. தம்பி பெண்டாட்டி அந்த அறையில் பழைய பாத்திரம், உடைந்த நாற்காலி என்று எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து அடைப்பாள். சான்றிதழை மறைக்கிற மாதிரி எதையாவது வைத்தால் மட்டும் ரயிலக்கா வாய் திறப்பாள்.

ஒருநாள் லிஃப்ட் நின்றுபோயிற்று. நாலாவது மாடிக்கு விரிப்புகளைத் தோளில் சுமந்து ஏறிய பூசணி மூன்றாவது மாடிப்படியில் உட்கார்ந்தவள்தான். எழ முடியவில்லை. மடியில் வெள்ளை மூட்டை, கண்ணில் பூச்சி பறக்கிறது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் குனிந்து, "எந்த வார்டும்மா நீ?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு வயதில் தன்னை நோயாளி என்று நினைத்துவிட்டார்களே என்று அவளுக்கு அழுகை வந்தது.

பின்னாலேயே மூட்டையோடு ஏறிவந்த ரயிலக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு சமனாகும்வரை காத்திருந்துவிட்டு, "நாளைக்குக் காலைல அஞ்சரைக்குக் கால்வாய்க்கரைக்கு வா" என்றாள்.

"எதுக்குக்கா?"

"ஓடுறதுக்கு."

"என்னைப் பாத்தா ஓடுற மாதிரியா இருக்கு?"

"இல்ல. அதான் வரச் சொல்றேன்."

கால்வாய்க்கரைச் சாலை தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் தொடங்கிப் பாலத்தில் முடியும். போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். முதல் நாள் பூசணியால் இரண்டு விளக்குக் கம்பம்கூடத் தாண்ட முடியவில்லை. விலா பிடித்துக்கொண்டது. பழைய கான்வாஸ் ஷூ குதிகாலைக் கடித்தது. "போதும்க்கா, செத்துடுவேன்" என்று கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"செத்தா நம்ம ஆஸ்பத்திரிதான், விரிப்பு நானே போட்டுத் தர்றேன். அடுத்த கம்பம் வரைக்கும் வா."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், பூசணி நகர்வதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் ரயிலக்கா தன் வேகத்தை விட்டுக்கொடுத்து, அவளுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நடந்தே வந்தாள். "மூச்சை எண்ணாதே, கம்பத்தை எண்ணு" என்பாள். "நாக்கு தொங்கினா தொங்கட்டும்டீ, காலு நிக்கக் கூடாது" என்பாள். நேரம் பார்க்கிற கைக்கடிகாரம் ரயிலக்காவிடம் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து எண்ணைச் சொல்வாள். பூசணிக்கு அந்தக் குரல்தான் கடிகாரம், வேறொன்று வாங்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை.

வீட்டில் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிற புருஷன் முதலில் நம்பவில்லை. "வீட்டை விட்டு ஓடிப்போன பொம்பளைங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். தினமும் ஓடிப்போயிட்டு டீ போடறதுக்குத் திரும்பி வர்றவளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றான். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "அம்மா, எங்க ஸ்கூல் பிள்ளைங்க வர்ற நேரத்துல மட்டும் அந்த ரோட்டுல ஓடாதே, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள்.

நகரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பூசணி முதல் தடவை ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் வந்தாள். பின்னால் ஆம்புலன்ஸ்தான் வந்தது. எப்போதோ ஓடி முடித்திருந்த ரயிலக்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்று, "வாடீ! வாடீ என் தங்கம்!" என்று கத்தினாள். பூசணிக்காக யாரும் அப்படிக் கத்தியதில்லை. பெற்றவர்கள்கூட. அடுத்த வருஷம் ஒரு மணி ஒன்பது நிமிடம். அதற்கடுத்த வருஷம் ஒரு மணி இரண்டரை நிமிடம். அந்த மாலை ரயிலக்கா அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவை ஒரு மணி நேரத்துக்குள்ள. ஐம்பத்தொம்போதுன்னு ஆரம்பிக்கணும் உன் நேரம். நான் கூடவே ஓடி முடிக்க வைக்கிறேன். சத்தியம்."

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விளையாட்டு வினையானது ஒரு டீ இடைவேளையில்.

வாரத்தின் கடைசி நாள். துவைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள் எல்லோரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் பூசணியைப் பார்த்து, "பாதி ஆளாயிட்டியே! அடுத்து என்ன திட்டம்?" என்று கேட்டார். பூசணி எல்லோர் முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தாள். பாராட்டுக்குப் பழக்கமில்லாதவளுக்கு அது கொஞ்சம் தலைக்கேறியது.

"முதல்ல ஒரு மணி நேரத்தை முடிக்கணும் சார். அப்புறம் ரயிலக்காவோட ஐம்பத்தேழு ஐம்பதையும் தூக்கிடலாம்னு இருக்கேன். ரயிலுக்கு வயசாச்சு, இனிமே கூட்ஸ் வண்டிதானே!"

கூடமே அதிர்ந்தது. ரயிலக்காவும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு விநாடி கூடுதலாகச் சிரித்தாள்.

மறுநாள் துவைக்கிற பக்கத்திலிருந்து ஒருவன், "கூட்ஸ் வந்தாச்சா?" என்று கேட்டான். ஒரு வாரத்தில் பாதிப்பேர் வாயில் அது ஏறிவிட்டது. பூசணி நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். "அது நான் சும்மா சொன்னது, விடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. கேலிக்கு இருபது வருஷம் தனியாகத் தலை கொடுத்தவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை வந்தது உள்ளுக்குள் இனித்தது. அதை அவள் தன்னிடமே ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று.

ரயிலக்கா இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காலையில் அதே ஐந்தரைக்கு வந்தாள். ஆனால் அந்த வருஷம் அவளுக்குக் குதிகாலில் வலி. முதல் இரண்டு கிலோமீட்டர் நொண்டுவாள், சூடேறினால் சரியாகும். பூசணியின் கால்கள் அதற்கு நேர்மாறாகத் தாமே ஓடத் தொடங்கியிருந்தன. பாலத்தை முதலில் தொடுவது இப்போதெல்லாம் அவள்தான். தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பாள்.

"மெதுவாப் போ. இப்பவே எல்லாத்தையும் செலவு பண்ணிட்டா அன்னிக்கு ஒண்ணும் இருக்காது" என்பாள் ரயிலக்கா.

"எனக்கு இது வேகமாவே தெரியலைக்கா."

"நான் சொல்றதைக் கேளு."

கேட்டாள். நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டுத்தானே இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

ஓட்டத்தன்று காலை குளிர்ந்திருந்தது. மார்பில் எண் குத்திக்கொண்ட ஆயிரம் பேருக்கு நடுவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கால்வாய்க்கரையில் தினமும் பார்க்கிற முடிதிருத்துபவரும் வந்திருந்தார். "இன்னிக்கு முடிச்சிடுவீங்க, பாருங்க" என்று கட்டைவிரலைக் காட்டினார். ரயிலக்கா பூசணியின் ஷூ நாடாவைத் தானே குனிந்து இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டாள். "என்னை விட்டுப் போகாதே. நேரம் நான் பாத்துக்கிறேன். நீ ஓடு, போதும்."

கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம், கணக்கு அவ்வளவுதான். ஐந்தாவது கிலோமீட்டர் பலகையில் ரயிலக்கா, "இருபத்தொம்போது ஐம்பது. அருமை" என்றாள். ஆறாவதில் அவள் மூச்சு முரடாகக் கேட்டது. ஏழாவதில் பூசணி, "கொஞ்சம் ஏத்திக்கலாமாக்கா?" என்றதற்கு, "வேண்டாம், வேண்டாம்" என்றாள். எட்டாவது பலகைக்குப் பக்கத்தில் தண்ணீர் மேசை இருந்தது. பூசணி இரண்டடி முன்னால் போய் ஒரு குவளையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். திரும்பி, "எவ்வளவு?" என்றாள்.

"நாப்பத்தேழரை! நேரம் கொட்டிக் கிடக்கு. இப்படியே வா, அவசரப்படாதே."

பூசணியின் நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான், கையில் பன்னிரண்டரை நிமிடம் இருக்கிறது. கால் இன்னும் வேகம் கேட்டது, அவள்தான் இழுத்துப் பிடித்து ரயிலக்காவின் தோளோடு தோளாக ஓடினாள். இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டுவது போல மனசுக்குள் படம் ஓடியது.

கடைசித் திருப்பத்தில் பெரிய கடிகாரம் கண்ணில் பட்டது. ஐம்பத்தொன்பது நிமிடம் இருபத்தைந்து. கோடு இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு உடம்பு தானாகப் பாய்ந்தது. ரயிலக்காவை விட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு, கை ரெண்டும் எங்கெங்கோ போக, வாழ்க்கையில் ஓடாத ஓட்டம் ஓடினாள். கோட்டைத் தாண்டி விழுந்து, நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மணி பூஜ்யம் நிமிடம் பதினோரு விநாடி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ரயிலக்கா கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "வேர்வை கண்ணுல இறங்கிடுச்சு. தப்பாப் பாத்துட்டேன் போலிருக்கு" என்றாள்.

பூசணி அழுதாள். அழுதுகொண்டே, "பரவால்லக்கா. நீ என்ன வேணும்னேவா பண்ணே?" என்று ரயிலக்காவைத்தான் தேற்றினாள். அன்று மாலை புருஷனும், "பதினோரு விநாடி என்ன பெரிய விஷயம், சிக்னல்ல நான் தினமும் பத்து நிமிஷம் விடறேன்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். மகள் அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, கால்வாய்க்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். ரயிலக்கா குதிகால் வலி என்று வரவில்லை. முடிதிருத்துபவர் எதிரே வந்து நின்றார். நல்ல மனிதர், மனசில் ஒன்றும் இல்லாமல்தான் பேசினார்.

"மயிரிழைல போச்சே! எட்டாவதுலயே எனக்குத் தெரியும். உங்க பின்னாலதானே வந்தேன். நாப்பத்தெட்டு நாப்பது ஆயிடுச்சு, வேகம் எடுத்தாத்தான் உண்டுன்னு உங்க அக்காகிட்ட சொன்னேன். அவங்களும் வாட்சைப் பாத்துட்டுத் தலையாட்டினாங்க. அப்புறம் உங்களைக் காட்டி வாயில விரலை வச்சாங்க, சொல்லாதேன்னு. நீங்க பதறிடுவீங்கன்னு நினைச்சிருப்பாங்க, பாவம்."

அவர் போன பிறகும் அவள் அதே இடத்தில் நின்றாள். பதறிவிடுவாள் என்பதற்காகவே இருக்கட்டும் என்று ஒரு கம்பம்வரை நடந்து பார்த்தாள். அடுத்த கம்பத்துக்குள் அந்த நினைப்பு செத்துப்போயிற்று. பதறக்கூடாது என்று நினைத்தவள் நாற்பத்தெட்டு என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தேழரை என்று ஏன் சொல்ல வேண்டும்? அவசரப்படாதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

அன்றைக்கு ரோலரில் விரிப்பின் மூலையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"எட்டாவதுல மணி எவ்வளவுக்கா?"

ரயிலக்கா உதறவேண்டிய விரிப்பை உதறாமல் நின்றாள். மழுப்புவாள் என்று பூசணி எதிர்பார்த்தாள். உள்ளுக்குள் கெஞ்சினாள் என்றுகூடச் சொல்லலாம், ஒரு நல்ல பொய்யாகச் சொல்லு, நம்பிவிடுகிறேன் என்று.

"நாப்பத்தெட்டு நாப்பது."

"தெரிஞ்சே சொன்னியா?"

"தெரிஞ்சேதான்." குரலில் தயக்கமே இல்லை. "உண்மையைச் சொன்னா நீ போயிடுவே. உன் கால்ல அன்னிக்கு இருந்துச்சு, எனக்குத் தெரியும். என் கால்ல இல்ல. 'நீ போ'ன்னு ரெண்டு எழுத்து சொல்லணும், அவ்வளவுதான். வாய் வரலை."

"நாலு வருஷம் அதுக்காகத்தானேக்கா..."

"நாலு வருஷம் உனக்காக நான் நடந்தேன்டீ. நடந்தேன்! என் கால்ல ஓட்டம் இருந்த வருஷமெல்லாம் உன் பக்கத்துல நடந்தே போச்சு. நீ எனக்கு கூட்ஸ்னு பேர் வச்சே. எல்லாரும் சிரிச்சாங்க, நீ நிறுத்தச் சொல்லலை. வீட்டுல நான் மூலைல கிடக்கிற சாமான். இங்க ஒரு இடத்துலதான் ரயிலா இருந்தேன்."

பூசணிக்குச் சொல்ல நியாயமான வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. அந்தப் பெயருக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதினோரு விநாடி தனக்கு என்னவென்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

"இதனாலதான்க்கா உன்கூட யாரும் நிக்கிறதில்ல. புருஷனும் போனான், இப்ப நானும் போறேன்."

கையிலிருந்து நழுவிய விரிப்பு பாதி உள்ளே போய்க் கோணிக்கொண்டு உருளையில் சுற்றியது. அந்தப் பக்கம் மடிக்கிறவர்கள், "என்ன பண்றீங்க அங்க? தீயுது!" என்று கத்தினார்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தி இழுத்தபோது விரிப்பு நடுவில் பழுப்பாகக் கருகியிருந்தது. அதை ஓரமாகப் போட்டார்கள். இன்னும் நூற்றுச் சொச்சம் விரிப்பு மிச்சமிருந்தது. வேலை முடிகிறவரை இருவரும் ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஒரு சுருக்கம் விழவில்லை. கைகளுக்கு நடந்தது தெரியாது.

அடுத்த வாரம் ரயிலக்கா தானாகக் கேட்டு அழுக்குத் துணி பிரிக்கிற பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். இரத்தமும் சீழும் மலமும் ஒட்டிய துணி வருகிற அறை அது, யாரும் கேட்டுப் போகிற இடமில்லை. மேற்பார்வையாளருக்கே ஆச்சரியம். அங்கே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் காரணம் தெரியாமலே அவளைக் "கூட்ஸக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பூசணிக்கு எதிர்மூலை பிடிக்க வேறொருத்தி வந்தாள். நல்லவள்தான், ஆனால் உதறுவதில் அரை விநாடி முந்துவாள்.

கோபம் ஒரு நல்ல எரிபொருள். பூசணி ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டு அந்த வருஷம் முழுவதும் தனியாக ஓடினாள். மழையிலும் ஓடினாள். எண்ணைத் தானே பார்த்துத் தானே சொல்லிக்கொண்டாள். யாரும் பாராட்டவில்லை, யாரும் திட்டவில்லை. முன்பெல்லாம் ஓடி முடித்தால் ஒரு சிரிப்பு வரும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். "எதுக்குடி இப்படி வெறி புடிச்ச மாதிரி?" என்று புருஷன் கேட்டான். "நீ போய் வண்டியைத் துடை" என்றாள். இரவு சாப்பிடும்போது மகள் அவளிடம் பேசுவதற்கு முன் முகத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள்.

மறுபடி அந்த நாள் வந்தது. கூட்டத்தில் ரயிலக்காவின் வெள்ளைத் தொப்பி தூரத்தில் தெரிந்தது. பூசணி அந்தப் பக்கம் போகவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கிளம்பினாள். எட்டாவது பலகையில் நாற்பத்தேழு நிமிடம் இருபது விநாடி என்று அவளே பார்த்தாள். கடைசித் திருப்பத்தில் யாரையும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டும்போது ஐம்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தொன்று.

புருஷன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். மகள் ஃபோனை நீட்டி, "அம்மா, கையைத் தூக்கு, சிரி" என்றாள். கையைத் தூக்கினாள். இரண்டு வருஷமாகக் கனவு கண்ட எண். அது ஒரு எண்ணாக மட்டும் இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. மார்பில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க வண்டிகிட்ட இருங்க, வந்துடறேன்" என்றாள்.

கோட்டுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒரு வருஷம் ஓடியிருக்கிறாள்.

அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் ரயிலக்கா வந்தாள். வலது காலை இழுத்துக்கொண்டு, தொப்பி கையில், நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளுக்காகக் கத்துவதற்கு யாருமில்லை. பூசணிக்கு மனசு குளிர்ந்தது, அது பொய்யில்லை. மூன்று மூச்சு நேரம் நன்றாகவே குளிர்ந்தது. அதற்குப் பிறகு, குளிர்ந்தது அப்படியே கசந்துபோயிற்று.

ரயிலக்கா கயிற்றருகே அவளைக் கண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"எவ்வளவு?"

"ஐம்பத்தொம்போது நாப்பத்தொண்ணு."

ரயிலக்கா தலையை ஆட்டினாள். "நல்லா எடுத்திருக்கே. கடைசி ரெண்டுல கொஞ்சம் விட்டுட்டே போலிருக்கு."

"ம். விட்டுட்டேன்."

"பரவால்ல."

அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும், அன்றைக்குப் புருஷனை இழுத்துச் சொன்னதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று பூசணிக்கு வாய்வரை வந்தது. அதற்குள் முடிதிருத்துபவர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முடிச்சிட்டீங்க பாத்தீங்களா! நான் சொல்லலை?" என்று பெரிதாகச் சிரித்தார். அவர் கையை விடுவித்துக்கொண்டு திரும்பியபோது ரயிலக்கா சுவரோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குதிகாலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம். பூசணி ஓரடி எடுத்து வைத்தாள். ரயிலக்கா நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபமில்லை. வார்டில் தெரியாத ஆள் எட்டிப் பார்த்தால் நோயாளி பார்க்கிற பார்வை அது. பூசணி எடுத்த அடியைப் பின்னால் வைத்தாள்.

மூன்று மாதத்தில் ஓடுவதை விட்டுவிட்டாள். முடிவெடுத்து விடவில்லை. ஒருநாள் மழை, ஒருநாள் மகளுக்குப் பரீட்சை, ஒருநாள் ஒன்றுமே இல்லை, சும்மா எழவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

சலவைக்கூடத்தில் இருவரும் இன்னமும் வேலை பார்க்கிறார்கள். தள்ளுவண்டிகள் நடைபாதையில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி ஒதுங்கி மற்றவளுக்கு வழிவிடுவாள். பேச்சே இல்லை என்று சொல்லமுடியாது. "பாத்துப் போ", "கதவைப் பிடி", "இன்னிக்கு நாலாவது வார்டுல நிறைய" என்கிற அளவில் பேசிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருநாள், "நீங்க ரெண்டு பேரும் ஒரு காலத்துல சேந்து ஓடுவீங்களாமே?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் சார்" என்றாள் பூசணி.

ரயிலக்கா அதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியிருந்தாள்.